ஒரு இன்ச்சில் இருக்கு எல்லாம்: கொள்ளிடம் மாதிரி மணல் ஆற்றில் ஜெட் மோட்டார் படகை எந்த உயரத்தில் மாட்டணும்?

கோடையில் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பர் ஒன் டோல்கேட் போகும் வழியில், கொள்ளிடம் பாலத்தில் பைக்கை ஓரம் கட்டிவிட்டுக் கீழே எட்டிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான். நடுவில் ஒல்லியாக ஒரு ஓடை, ஆங்காங்கே நாணல், சீமைக்கருவேலம். மணல் அள்ளிய இடங்களில் பெரிய பெரிய பள்ளங்கள்.

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு உபரி நீர் திறக்கும்போது அதே பாலத்தில் நின்று பாருங்கள். கரைக்குக் கரை பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஓடும். மேலிருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒரே ஆழம் மாதிரி தெரியும். உண்மையில் கோடையில் பார்த்த மேடும் பள்ளமும் தண்ணீருக்கு அடியில் இடம் மாறிக் கிடக்கின்றன. ஒரு இடத்தில் ஆள் முழுகும் ஆழம் இருக்கும். பத்தடி தள்ளி முழங்கால் அளவுதான் தண்ணீர்.

இந்தத் தண்ணீரில் ஒரு மீட்புப் படகு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்போம். அந்த மோட்டார் படகின் பின்பலகையில் எந்த உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆழம் குறைந்த ஆற்றில் படகு போய்ச் சேருமா, நடுவழியில் நிற்குமா என்பதைப் பல நேரம் அந்த உயரம்தான் முடிவு செய்கிறது. ஜெட் மோட்டாராக இருந்தால் ஒரு இன்ச் வித்தியாசமே போதும்.

திருச்சியில் என்ன ஸ்பெஷல்?

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தூரத்தில் இருக்கிறது முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி, வடக்குக் கிளை கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். காவிரி பாசனத்துக்கான வழி. கொள்ளிடம் வெள்ளத்துக்கான வடிகால். வெள்ளம் வந்தால் உபரி நீரின் பெரும்பங்கு கொள்ளிடத்தில்தான் திருப்பி விடப்படுகிறது.

2018 ஆகஸ்ட் பலருக்கும் நினைவிருக்கும். மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தது. கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் 9 மதகுகள் உடைந்தன. அதே மாதம் கேரளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து மக்களை மீட்டார்கள். அதற்கு முன்பு, 2015 டிசம்பரில் சென்னையிலும் மீனவர்களின் படகுகள் தெருக்களுக்குள் வந்தன.

கடலுக்காகச் செய்த படகும் மோட்டாரும் ஆழம் குறைந்த நன்னீருக்குள் வரும்போது என்ன ஆகிறது? நம் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாதாரண மோட்டாருக்கு என்ன சிக்கல்?

படகின் பின்பலகையில் வெளியே தொங்கவிடுகிற மோட்டார்தான் அவுட்போர்டு மோட்டார். மீட்புப் படைகள் பயன்படுத்தும் ரப்பர் படகுகளில் பொதுவாக இதைப் பார்க்கலாம். மேலே என்ஜின், கீழே நீளமான தண்டு, அதன் முனையில் புரொப்பல்லர்.

இந்தப் புரொப்பல்லர் படகின் அடிப்பகுதியைவிட ஏறக்குறைய ஒரு அடி கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் படகின் அடிப்பகுதி மணலைத் தொடுவதற்கு முன்பே புரொப்பல்லர் மணலைத் தொட்டுவிடும். மணல் மேடு, பாறை, கருவேல மர வேர் என்று எதில் பட்டாலும் முதல் அடி அதற்குத்தான். இறக்கை வளையும், சில நேரம் உள்ளே இருக்கும் பின் உடையும். அதற்குப் பிறகு என்ஜின் ஓடும், படகு நகராது.

நம் கடற்கரை மீனவர்கள் இதற்குத் தங்கள் வழியில் ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். தமிழகக் கடற்கரையில் பல ஃபைபர் படகுகளில் நீளமான தண்டு கொண்ட 'லாங் டெயில்' என்ஜின் இருக்கும். அலையைத் தாண்டிக் கரைக்கு வரும்போது தண்டை அப்படியே தூக்கிவிடலாம். அதாவது, புரொப்பல்லரின் உயரத்தை ஓட்டுகிறவர் தன் கையாலேயே கூட்டிக் குறைக்கிறார். ஒகேனக்கல் பரிசலும் இதே பிரச்சினைக்கு இன்னொரு பதில்தான். அடி தட்டையாக இருப்பதால் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே மிதந்து போகும்.

இதே பிரச்சினைக்கு வெளிநாடுகளில் கண்டுபிடித்த தீர்வு, புரொப்பல்லரையே எடுத்துவிடுவது. அதுதான் ஜெட்.

ஜெட் எங்கிருந்து வந்தது?

நியூசிலாந்தின் கேன்டர்பரி பகுதியில் ஓடும் ஆறுகள் கொள்ளிடம் மாதிரியே அகலமானவை, ஆழம் குறைந்தவை, பல ஓடைகளாகப் பிரிந்து ஓடுபவை. கூடுதலாகக் கூழாங்கற்களும் உண்டு. அங்கே பண்ணை வைத்திருந்த பில் ஹாமில்டன் என்ற பொறியாளர், அந்த ஆறுகளில் எதிர்த்திசையில் போகக்கூடிய படகு ஒன்றைச் செய்ய விரும்பினார். 1954-ல் அவருடைய ஜெட் படகு ஓடியது. படகுக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் வேகமாகப் பீய்ச்சி அடிப்பதுதான் அதன் அடிப்படை.

அந்தப் படகுகளுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977-ல் மூன்று ஜெட் படகுகளுடன் கங்கையின் முகத்துவாரத்திலிருந்து இமயமலை நோக்கி ஆற்றை எதிர்த்து வந்தார். நந்தப்பிரயாகை அருகே ஒரு அருவி குறுக்கே நின்றது, படகுகள் அங்கே நின்றன. அதுவரை ஆழம் குறைந்த இடங்களையும் சீறும் பாறை நீரோட்டங்களையும் அவை தாண்டி வந்திருந்தன.

ஹிலாரி வந்த படகுகளில் ஜெட் படகுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. பின்னால் தொங்கும் மோட்டாரில் ஜெட் மாட்டுவது இன்னொரு வகை. சாதாரண அவுட்போர்டு மோட்டாரின் கீழ்ப்பகுதியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஜெட் பம்பை மாட்டிவிடுவார்கள். அலாஸ்கா மாதிரி ஆழம் குறைந்த ஆறுகள் உள்ள இடங்களில் இது சகஜம். இந்தக் கட்டுரையில் 'ஜெட் மோட்டார்' என்று சொல்வது இதைத்தான்.

ஜெட்டுக்கு உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

இதைப் புரிந்துகொள்ள ஆற்றுக்குப் போக வேண்டாம், வீட்டு மோட்டார் போதும். கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கி ஃபுட்வால்வு வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும், சத்தம் மாறும், குழாயில் தண்ணீர் வராது. "மோட்டார் காத்து வாங்குது" என்று சொல்லி ஓடிப்போய் சுவிட்சை அணைப்போம்.

ஜெட் மோட்டாரும் ஒரு தண்ணி மோட்டார்தான். உள்ளே இருப்பதும் இம்பெல்லர்தான். தண்ணீர் உள்ளே வரும் வாய் படகின் அடிப்பகுதியை ஒட்டிப் பின்னால் இருக்கிறது. அதில் கல், குச்சி போகாமலிருக்கக் கம்பித் தடுப்பு இருக்கும். தண்ணீரை எவ்வளவு எடையில், எவ்வளவு வேகத்தில் பின்னால் தள்ளுகிறதோ, அந்த அளவுக்குப் படகு முன்னால் போகும்.

இதில் எடை முக்கியம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். இம்பெல்லருக்குள் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று புகுந்தால் பின்னால் தள்ள எடையே இல்லை. தடை குறைந்ததும் என்ஜின் 'வீல்' என்று கத்திக்கொண்டு வேகமாகச் சுற்றும். படகோ மெதுவாகும்.

வாய் சரியான உயரத்தில் இருந்தால், படகின் அடியை உரசி வரும் தண்ணீர் நேராக அதற்குள் நுழையும். கொஞ்சம் மேலே போனால் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து நுழையும். கொஞ்சம் கீழே இறங்கினால் வாயின் முன்விளிம்பு தண்ணீருக்குள் பிரேக் மாதிரி இழுக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மோட்டார் ரொம்ப மேலே இருந்தால்:

• கிளம்பும்போது என்ஜின் கத்தும், படகு இழுக்காது.
• வளைவில் திரும்பும்போது திடீரென்று இழுவிசை போகும்.
• சின்ன அலை வந்தாலே என்ஜின் வேகம் ஏறி ஏறி இறங்கும்.

மோட்டார் ரொம்பக் கீழே இருந்தால்:

• த்ராட்டிலை முழுசாகக் கொடுத்தும் எதிர்பார்த்த வேகம் வராது.
• பின்பக்கம் தண்ணீர் விசிறி அடிக்கும், படகுக்குள்ளேயும் தெறிக்கும்.
• மணல் மேட்டில் படகுக்கு முன்பே ஜெட்டின் வாய் இடிக்கும். ஜெட் வாங்கியதன் லாபமே போய்விடும்.

இதில் ஒரு குழப்பம் வரும். என்ஜின் கத்தினாலே பலர் 'கேவிடேஷன்' என்று சொல்லிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு. மேலிருந்து காற்று உள்ளே புகுவது ஒன்று. வாய் அடைத்துக்கொண்டோ வேறு காரணத்தாலோ அழுத்தம் குறைந்து, தண்ணீரே ஆவிக் குமிழாக மாறி வெடிப்பது இன்னொன்று. அதுதான் உண்மையான கேவிடேஷன். முதல் பிரச்சினைக்கு உயரத்தைச் சரி செய்யணும். இரண்டாவதற்கு முதலில் வாயில் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கணும். ஆகாயத்தாமரை சிக்கிய மோட்டாரை எவ்வளவு கீழே இறக்கினாலும் பயன் இல்லை.

உயரத்தை எப்படி செட் செய்வது?

பெரிய கருவி எதுவும் வேண்டாம். நேரான ஒரு சட்டம், ஸ்பேனர், பொறுமை இருந்தால் போதும். ஒவ்வொரு மோட்டாருடனும் வரும் கையேட்டில் உள்ள அளவுதான் இறுதியானது. பொதுவான முறை இது:

முதல் வேலை, கரையில். படகை ட்ரெய்லரிலோ மேடையிலோ வைத்து மோட்டாரை நேராக நிறுத்துங்கள். ரப்பர் படகு என்றால் குழாய்களில் சரியான அழுத்தத்துக்குக் காற்று அடித்துவிட்டுத்தான் அளக்கணும். காற்று குறைந்த படகு நடுவில் வளையும், அளவு தப்பாகிவிடும்.

இரண்டாவது, சட்டத்தைப் படகின் அடியோடு ஒட்டி வைத்துப் பின்பக்கமாக நீட்டுங்கள். ஜெட் வாயின் முன்விளிம்பு அந்தச் சட்டத்தின் கோட்டிலேயே இருக்கணும். இதுதான் தொடக்க அளவு. புரொப்பல்லருக்குப் பதில் ஜெட் மாட்டும்போது, அதே மோட்டாரைப் பழைய இடத்தைவிடப் பல இன்ச் உயர்த்த வேண்டி வரும். ஏனென்றால் ஜெட்டின் வாய் தண்டுக்கு நேர் கீழே வருகிறது. பழைய பின்பலகை போதாமல், மேலே அலுமினியச் சட்டம் வைக்க வேண்டியிருக்கும். இந்தச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது, ஆழமான, அசையாத தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் பொருளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டணும். நேராக ஓட்டி, பிறகு இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். என்ஜின் சுற்றும் வேகத்தையும் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தையும் எழுதிவையுங்கள். உங்கள் கையில் இருக்கும் போனே போதும்.

நான்காவது, கால் இன்ச் கணக்கில் மாற்றுங்கள். கால் இன்ச் என்றால் சுமார் 6 மி.மீ. காற்று வாங்கவில்லை என்றால் கால் இன்ச் ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். காற்று வாங்க ஆரம்பிக்கும் உயரம் தெரிந்ததும், அதிலிருந்து ஒரு படி கீழே இறக்கி போல்ட்டை இறுக்குங்கள். பெரிய மோட்டார்களில் போல்ட் துளைகளுக்கு இடையே முக்கால் இன்ச் இடைவெளி இருக்கும். அதைவிட நுணுக்கமாக மாற்ற, அடியில் மெல்லிய பட்டை வைக்கலாம், அல்லது 'ஜாக் பிளேட்' மாட்டலாம்.

ஐந்தாவது, மோட்டாரின் சாய்வைத் தொடாதீர்கள். சாய்வு மாறினால் வாயின் உயரமும் மாறிவிடும். சாய்வை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் உயரத்துக்கு வரணும்.

இவ்வளவும் செய்தும் காற்று நிற்கவில்லையா? படகின் அடியைப் பாருங்கள். நடுவில் நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டை ஜெட் வாய்க்கு நேர் முன்னால் வந்து முடிந்தால், அது கிளப்பும் குமிழ்கள் நேராக வாய்க்குள் போகும். அந்தக் கட்டை வாய்க்குக் கொஞ்சம் முன்பே சரிந்து முடியணும்.

போகும்போது நான்கு பேர், திரும்பும்போது பத்துப் பேர்

மீன்பிடிக்கவோ உல்லாசத்துக்கோ ஓட்டுகிறவர்களுக்கு இதுவரை சொன்னது போதும். மீட்புப் படகுக்குப் போதாது. காரணம், அதன் சுமை பாதியிலேயே மாறுகிறது.

ஜெட் படகு ஆழமில்லாத இடத்தைத் தாண்டுவது வேகத்தால்தான். வேகம் வந்ததும் படகு தண்ணீர்மேல் எழும்பி, சறுக்கியபடி ஓடும். அப்போது அதற்குச் சில இன்ச் தண்ணீரே போதும். வேகம் குறைந்தால் படகு அமரும், வாயும் கீழே இறங்கும்.

இப்போது வெள்ளத்தில் ஒரு வீட்டிலிருந்து ஆறு பேரை ஏற்றுகிறோம். ஈரத்தோடும் பயத்தோடும் இருக்கும் ஆட்கள் கிடைத்த இடத்தில் உட்காருவார்கள். எல்லோரும் முன்னால் குவிந்தால் பின்பக்கம் தூக்கும், மோட்டார் காற்று வாங்கும். எல்லோரும் பின்னால் குவிந்தால் படகு எழும்பவே எழும்பாது.

குதிரைத்திறனும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஜெட் மாட்டினால் என்ஜின் திறனில் சுமார் 30 சதவீதம் இழப்பு. உதாரணமாக, மெர்குரி நிறுவனத்தின் 'ஜெட் 80' மோட்டாரின் மேலே இருப்பது 115 குதிரைத்திறன் என்ஜின். புரொப்பல்லரோடு பத்துப் பேரை இழுத்த என்ஜின், ஜெட்டோடு அதே பத்துப் பேரை மேலே எழுப்ப முடியாமல் போகலாம். எழும்பாத ஜெட் படகுக்கு ஆழம் குறைந்த இடத்தில் எந்தச் சலுகையும் இல்லை.

அதனால், மீட்புப் படகில் உயரத்தை இரண்டு முறை சோதிக்கணும். குறைந்த ஆட்களோடு ஒரு முறை, முழுச் சுமையோடு ஒரு முறை. இரண்டிலும் காற்று வாங்காத உயரம் எதுவோ, அதுதான் அந்தப் படகுக்குச் சரியான உயரம். அதில் உச்ச வேகம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை, இது பந்தயம் இல்லையே.

மணல், துணி, பாலத் தூண்

உயரத்தைச் சரியாக வைத்துவிட்டாலும் நம்ம ஊர் ஆறு மூன்று சவால்களை வைத்திருக்கிறது.

முதலாவது மணல். இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் உறைக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்கும். மணல் கலந்த தண்ணீர் தொடர்ந்து ஓடினால் அந்த இடைவெளி தேய்ந்து பெரிதாகும், இம்பெல்லரின் முனை மழுங்கும். அப்போதும் என்ஜின் கத்தும், படகு இழுக்காது. பார்ப்பதற்கு உயரப் பிரச்சினை மாதிரியே இருக்கும். 'போன வருஷம் நல்லா ஓடுச்சே' என்று சொல்லி மோட்டாரை இறக்கிக்கொண்டே போனால் தீராது. இடைவெளியை அளந்து, ஷிம் வைத்துச் சரி செய்யணும். பேரிங்குக்குச் சுமார் 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கிரீஸ் அடிப்பதையும் விடக் கூடாது.

மணலில் இன்னொரு விதியும் உண்டு. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபடி ஜெட்டை ஸ்டார்ட் செய்தால், அது வாக்குவம் கிளீனர் மாதிரி அடியிலிருந்து மணலை அள்ளும். இரண்டு அடிக்குக் குறையாத தண்ணீரில்தான் ஸ்டார்ட் செய்வது நல்லது. மீட்கப்பட வேண்டியவர்கள் நிற்பதோ பெரும்பாலும் மேட்டில், ஆழம் குறைந்த இடத்தில். ஆக, கடைசிச் சில மீட்டர் தூரத்துக்கு என்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பு, கழி, கயிறு இவற்றை நம்பியாகணும்.

இரண்டாவது துணி. ஆடிப்பெருக்கு, அமாவாசை நாட்களில் அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. குளிப்பவர்களுக்கு நடுவே வெளியே சுற்றும் புரொப்பல்லர் ஆபத்து. ஜெட்டில் அப்படி வெளியே சுற்றும் இறக்கை கிடையாது. தண்ணீரில் இருக்கும் ஆளின் அருகே போகும்போது இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அதே படித்துறையில் பரிகாரம் என்று ஆற்றில் விடப்படும் வேட்டி, சேலை எத்தனை? ஒரு சேலை ஜெட்டின் வாயை மூடினால் போதும், படகு அங்கேயே மிதக்கும். நீளமான முடியும் தளர்ந்த துணியும் உள்ளே இழுக்கப்படும் ஆபத்தும் இருக்கிறது. அதனால், ஆளை ஏற்றும்போது ஜெட்டையும் அணைத்தே வைக்கணும்.

மூன்றாவது பாலத் தூண். ஜெட் படகைத் திருப்புவது, பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான். த்ராட்டிலை விட்டுவிட்டால் திருப்பும் சக்தியும் போய்விடும். வெள்ளத்தோடு போகும்போது எதிரே பாலத் தூண் வந்தால், பயத்தில் கை தானாக த்ராட்டிலைக் குறைக்கும். அந்த நொடியில் படகு ஆற்றின் கைக்குப் போய்விடும். புரொப்பல்லர் படகு ஓட்டிப் பழகியவர்கள் ஜெட்டுக்கு மாறும்போது இதற்காகவே தனியாகப் பயிற்சி எடுக்கணும்.

முக்கொம்பு, கல்லணை மாதிரி மதகுகளுக்குக் கீழே நுரைத்துக் கொந்தளிக்கும் தண்ணீரில் எந்த உயரமும் உதவாது. அந்த நுரையில் பாதி காற்றுதான். ஜெட்டும் புரொப்பல்லரும் அங்கே பிடிமானத்தை இழக்கும். சுழன்று திரும்பும் நீரோட்டம் படகை மதகை நோக்கியே இழுக்கும். அங்கே போகாமல் இருப்பதுதான் ஒரே வழி.

அப்போ ஜெட் வேண்டுமா, வேண்டாமா?

ஆழமும் அகலமும் உள்ள தண்ணீர், அதிகச் சுமை, நீண்ட தூரம் என்றால் புரொப்பல்லரே சிக்கனம். அதே என்ஜினில் கூடுதல் இழுவிசை, குறைந்த எரிபொருள் செலவு. அதிலும் உயரம் முக்கியம்தான். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு, படகின் அடிக்கோட்டிலோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருக்கும்படி மாட்டுவது வழக்கம். அங்கே அரை இன்ச், ஒரு இன்ச் பிசகினாலும் படகு ஓடிவிடும்.

மணல் மேடு, பாறை, தண்ணீரில் ஆட்கள் என்று இருக்கும் இடத்தில் ஜெட்டுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது உயரம், சுமை, இம்பெல்லர் இடைவெளி மூன்றும் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். ஏதாவது ஒன்று தவறினாலும், அதிக விலை கொடுத்துக் குறைந்த திறன் வாங்கிய கதைதான்.

எந்த மோட்டாராக இருந்தாலும், இந்தச் சோதனைகளை வெள்ள நாளில் செய்ய முடியாது. சுழித்து ஓடும் தண்ணீரில், இரவில், கரையில் ஆட்கள் கூப்பிடும்போது யாரும் ஸ்பேனரோடு கால் இன்ச் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். மேட்டூர் நிரம்புவதற்கு முன்பே, ஒரு அமைதியான காலையில், முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்துச் சரியான உயரத்தைக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடித்ததும் பின்பலகையில் அந்த இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடணும். மோட்டாரைக் கழற்றி லாரியில் ஏற்றி, வேறு யாரோ இருட்டில் மறுபடி மாட்டினாலும் அந்தக் கோட்டில் வைத்தால் போதும்.